வில்மருந்து

அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரி. பக்கத்து மேசையில் எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி, தேங்காய் பன்னைப் பிய்த்தபடி செல்லில் தோழிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். “அவன் சரியான டாக்சிக்டி. பிளாக் பண்ணிப்போட்டு வேலையப் பாரு.” அந்தப் பேச்சை வைத்த கையோடு அடுத்த போன். குரல் மாறிவிட்டது. “லேப் ரிப்போர்ட் வந்துருச்சுங்க சார். டாக்சிக் ஒண்ணும் இல்லீங்க. எல்லாமே நாட் டிடெக்டட்தானுங்க.” ஐந்து நிமிஷத்துக்குள் ஒரே சொல் ஒரு காதலனையும் ஒரு குழந்தைச் சட்டையையும் தொட்டுவிட்டுப் போனது. காதலன் தேறவில்லை, சட்டை தேறிவிட்டது.

2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாக இதைத்தான் அறிவித்தார்கள். அந்த வருஷம் அதோடு அதிகம் சேர்ந்து வந்த சொல் ‘கெமிக்கல்’. அதற்கு அடுத்த இடத்தில் ‘மாஸ்குலினிட்டி’, அதாவது ஆண்பிள்ளைத்தனம். ரசாயனமும் ஆண்பிள்ளைகளும் ஒரே பட்டியலில். பேக்கரியில் கேட்டதும் அதேதான்.

இந்தச் சொல்லின் பிறந்த ஊரைத் தேடிப் போனால் ஏதோ விஷச்செடியிலோ பாம்புப் பல்லிலோ போய் நிற்போம் என்று தோன்றும். போய் நிற்பது ஒரு வில்லில். பழைய கிரேக்கத்தில் வில்லுக்குத் ‘தோக்சோன்’ என்று பெயர். அம்பின் முனையில் தடவுகிற விஷத்தைத் ‘தோக்சிகோன் பார்மகோன்’ என்றார்கள். சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் ‘வில்மருந்து’. கருங்கடலுக்கு வடக்கே குதிரைமேல் திரிந்த சிதியர்கள் இந்த வேலையில் பேர்போனவர்கள். பாம்பின் விஷத்தை ரத்தத்தோடு சேர்த்து அழுகவைத்து அம்பில் பூசுவார்கள் என்று கிரேக்கர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

‘பார்மகோன்’ என்றால் கிரேக்கத்தில் மருந்து என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். ஒரே சொல்லுக்குள் இரண்டும் எப்படிக் குடியிருக்கிறது என்று வியந்து ஐரோப்பியத் தத்துவக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பல்லடத்துப் பக்கம் ஒரு பருத்திக்காட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் காகிதம் மிச்சமாகியிருக்கும். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, காய்ப்புழுவுக்கு அடிப்பதும் மருந்து. “ஐயோ, அவரு மருந்து குடிச்சுப்போட்டாருங்க” என்று யாராவது ஓடிவந்தால், இருமலுக்குத்தானே என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வண்டியை எடுக்கிறார்கள்.

கிரேக்கத்தில் அப்புறம் நடந்தது நம் செல்போனுக்கு நடந்தது. ‘செல்போன்’ என்று முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டு ‘செல்’ என்கிறோம். போன் என்ற பாதிதான் பொருள் தருவது. அதை உதிர்த்துவிட்டு அடைமொழியை வைத்துக்கொண்டோம். அவர்களும் ‘வில்மருந்து’ என்பதில் மருந்தை உதிர்த்துவிட்டு வில்லை வைத்துக்கொண்டார்கள். ‘தோக்சிகோன்’ என்றாலே விஷம் என்றாகி, லத்தீனில் ‘டாக்சிகம்’ ஆகி, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘டாக்சிக்’ என்று நுழைந்தது. உதிர்ந்து விழுந்த பார்மகோன் சும்மா கிடக்கவில்லை. அது ‘பார்மசி’ ஆகி மருந்துக்கடைப் பலகையில் ஏறிவிட்டது. விஷம் என்ற பொருளைத் தனக்குள்ளேயே வைத்திருந்த சொல்லுக்குப் பச்சைச் சிலுவை. வளைந்த மரத்துண்டைத் தவிர வேறெதையும் அறியாத சொல்லுக்கு மண்டையோடு.

ரோமானியர்களுக்கே இது குழப்பமாகத்தான் இருந்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் பிளினி, ‘தாக்சஸ்’ என்கிற நச்சுமரத்தின் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கதையை எழுதிவைத்தார். அந்த மரத்தில்தான் பிற்காலத்து ஆங்கிலேயர்கள் வில் செய்தார்கள் என்பதால் பிளினியை முழுக்கத் திட்டவும் மனசு வரவில்லை. வில்லின் நினைவு ஆங்கிலத்திலும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1545-ல் ரோஜர் ஆஸ்கம் என்பவர் ‘டாக்சோஃபிலஸ்’ என்று ஒரு புத்தகம் போட்டு எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கினார். வில்வித்தைப் புத்தகம், விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கும் வில்வித்தைப் பிரியர்கள் தங்களை ‘டாக்சோஃபிலைட்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெயரோடு ஒருவர் இன்ஸ்டாகிராமில் வரன் தேடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ‘இன்டாக்சிகேட்’ என்ற சொல்லும் இதே வயிற்றுப் பிள்ளை. முதலில் விஷமேற்றுவது, பிறகு போதையேற்றுவது. டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவரும் ஒருவகையில் அம்பு பட்டவர்.

ஆங்கிலத்தில் விஷத்தைக் குறிக்கும் மற்றச் சொற்களையும் சுரண்டிப் பார்த்தால் அடியில் விஷம் தட்டுப்படுவதில்லை. ‘பாய்சன்’ என்பது லத்தீனில் வெறும் குடிபானம். ‘வெனம்’ என்பது காதல் தெய்வமான வீனஸின் உறவு. முதலில் அது வசிய மருந்து. “என்ற பையனுக்கு மருந்து வெச்சுட்டாளுங்க” என்று இங்கே ஒரு மாமியார் அழுதால் எந்த மருந்து என்று நமக்குத் தெரியும். ரோமாபுரி மாமியாருக்கும் தெரிந்திருக்கும். நாம் வடமொழியிலிருந்து வாங்கிய விஷத்துக்கு லத்தீனில் ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு: ‘வைரஸ்’. நஞ்சு ஒன்றுதான் நம் வீட்டுச் சொல். அதை நாம் செய்யுளுக்கென்று பரணில் போட்டுவிட்டோம்.

வில்லை விட்டுச் சட்டைக்கு வருவதற்கும் கிரேக்கர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஹெராக்லிஸ் பலதலைப் பாம்பைக் கொன்று அதன் விஷத்தில் தன் அம்புகளைத் தோய்த்து வைத்திருந்தான். அவன் மனைவியிடம் முறைகேடாக நடந்த நெஸ்ஸஸ் என்ற குதிரைமனிதனை அந்த அம்பால் அடித்தான். சாகிற நேரத்தில் நெஸ்ஸஸ் அவளிடம், என் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொள், புருஷன் மனம் மாறினால் வசியத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுச் செத்தான். பல வருஷம் கழித்து அவள் அதை ஓர் உடுப்பில் தடவிக் கணவனுக்கு அனுப்பினாள். போட்டுக்கொண்ட உடுப்பு சூடு பட்டதும் தோலோடு ஒட்டி எரித்தது. கழற்றினால் சதையோடு வந்தது. பாம்பிலிருந்து அம்புக்கு, அம்பிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து துணிக்கு. டாக்சிக் என்ற சொல் பின்னாளில் போகப்போகிற பாதையை அந்தக் கதை முன்கூட்டியே நடந்து காட்டிவிட்டது.

சட்டையில் விஷம் இருக்குமோ என்ற அச்சம் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. 1895-ல் பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயம் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதைக் கண்டு சொன்னார். அதே ஜெர்மனிதான் சுமார் நூறு வருஷம் கழித்து, 1994-ல், உடம்பில் படும் துணிகளுக்குச் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. தடை எல்லா அசோவுக்கும் இல்லை. உடைந்தால் பென்சிடின் போன்ற, புற்றை உண்டாக்கும் அமீன்களைக் கக்கக்கூடியவற்றுக்கு மட்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ என்ற சான்றிதழ் ஐரோப்பாவில் கிளம்பியிருந்தது. இந்திய அரசும் 1997-ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. திருப்பூர் ‘டாக்சிக்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டது இந்த வழியாகத்தான்: பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, பையரின், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், கடிதத்திலிருந்து வந்தது. தடைப்பட்டியலில் உள்ள சாயங்களைக் கைகழுவிவிட்டு லேப் சீட்டு வாங்கிக் கொடுத்து ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹாம்பர்க்கில் குழந்தை சட்டையைச் சப்பினால் ஒன்றும் ஆகாது.

ஆனால் அந்தக் கேள்வி சட்டையோடு நின்றுவிட்டது. சட்டை முக்கி எடுத்த தண்ணீர் எங்கே போனது என்று அன்றைக்குக் கடிதத்தில் யாரும் கேட்கவில்லை.

பருத்திக்குச் சாயமேற்றுவதில் ஒரு வம்பு உண்டு. தண்ணீரில் பருத்தி நாரும் எதிர்மின் ஏற்றம் கொள்கிறது, சாயமும் அதே ஏற்றத்தில் இருக்கிறது. இரண்டும் முகம் திருப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் உப்பு. சமையல் உப்போ கிளாபர் உப்போ, அள்ளிக் கொட்டினால் அந்தப் பகை தணிந்து சாயம் நாருக்குள் போகும். பிறகு சோடா ஆஷ் போட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். 1950களில் பிரிட்டனின் ஐசிஐ கம்பெனி கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்களின் வேலைமுறை இதுதான். திருப்பூரின் பளிச்சென்ற பனியன்களுக்குப் பின்னால் இந்தச் சாயம்தான். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்நிறமென்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு சாதாரணம். பழைய வின்ச் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 900 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு என்று வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சாயத்தில் பெரும்பகுதியாவது துணியோடு ஊர் போய்ச் சேரும். உப்பு ஒரு கல்கூடத் துணியில் தங்குவதில்லை. புரோக்கருக்குக் கல்யாண வீட்டில் இடமேது. அத்தனையும் தண்ணீரோடு வெளியே.

1980களின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் 1990களின் கடைசியில் எண்ணூறைத் தாண்டின. நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது கோடி லிட்டர் கழிவு நொய்யலில் இறங்கியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைத் தொடும் ஆறு அது. பெரும்பாலான மாதங்களில் அதற்குச் சொந்தத் தண்ணீரே இருக்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பு போட்டார்கள், நிறத்தை எடுத்தார்கள். நிறம் போயிற்று, உப்பு அப்படியே இருந்தது. பார்வைக்குத் தெளிந்துவிட்ட தண்ணீர் சாயத்தண்ணியைவிட மோசம் என்பேன். சிவப்பாக ஓடினால் மாடாவது தயங்கும்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் திறந்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பாசனத்துக்கென்று கட்டியது. தேங்கியது சாயத்தண்ணி. பாசனத்துக்கு அணை கேட்ட ஜனங்களே சில வருஷத்தில், தயவுசெய்து திறக்காதீர்கள், தேக்கவும் செய்யாதீர்கள் என்று கும்பிட வேண்டி வந்தது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘நஞ்சை’ என்று இருப்பது நன்செய், நல்ல நிலம். அந்த ஆயக்கட்டில் மட்டும் அந்தச் சொல்லைப் படிக்கும்போது நஞ்சு என்பதன் இரண்டாம் வேற்றுமையாகக் காதில் விழுகிறது.

அந்த ஊர்க்காரர்கள் யாரும் ‘டாக்சிக்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. விஷம் என்றுகூட அதிகம் சொல்வதில்லை. “சாயத்தண்ணி வந்துருச்சுங்க.” “கெணத்துல உப்பேறிப்போச்சுங்க.” அவ்வளவுதான். யோசித்தால் கிரேக்கன் செய்ததைத்தான் இவர்களும் செய்திருக்கிறார்கள்: விஷத்தின் பெயரைச் சொல்லாமல், அது வந்த வில்லின் பெயரைச் சொல்கிறார்கள். சாயப்பட்டறை என்பது வில். அம்பின் நுனியில் இருந்தது உப்பு. ஆனால் கிரேக்கனைவிட ஒரு படி மேலே போய் நுனியில் இருந்ததையும் சரியாகப் பெயர் சொல்லிவிட்டார்கள்.

அங்கேதான் படித்தவர்களின் சொல் தடுமாறியது. உப்பு டாக்சிக்கா? அசோ பட்டியலில் இல்லை. அன்றைய சான்றிதழ்கள் கேட்கும் எந்தச் சோதனையிலும் மாட்டாது. சோற்றில் போடுகிறோம். அளவுதான் ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் 1538-ல் எழுதினார், அதனால் அவரை நச்சியலின் தந்தை என்பார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்ன நம் ஆள் யாரோ, அவருக்குப் பட்டமும் இல்லை, பெயரும் இல்லை. அமிர்தத்துக்கு அளவு சொன்னோம். உப்புக்கு அளவு எத்தனை?

சட்டம் ஓர் எண்ணைச் சொன்னது: ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கும் சொற்களுக்கும் ஒரு பிறந்த கதை இருக்கிறது. 1974-ன் தண்ணீர்ச் சட்டம் 24-ஆம் பிரிவில் மூன்று சொற்களை அடுக்குகிறது: ‘பாய்சனஸ்’, ‘நாக்சியஸ்’, ‘பொல்யூட்டிங்’. இதே மூன்று, இதே வரிசையில், இங்கிலாந்து 1876-ல் போட்ட ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ஆலைக்கழிவைப் பற்றிய பிரிவில் இருக்கின்றன. மான்செஸ்டர்ப் பக்கத்து ஆலை ஆறுகளைக் காக்கக் கோத்த சொல்மாலை, தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கிய ஊரின் ஆற்றுக்கு நூறு வருஷம் கழித்துப் பழைய துணி மாதிரி வந்து சேர்ந்தது. நடுவில் உள்ள ‘நாக்சியஸ்’ லத்தீனில் தீங்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘இன்னொசென்ட்’ அதற்கு எதிர்ப்பிறவி: தீங்கு செய்யாதவர். பட்டறைக்காரர், ஜாப் ஒர்க் கொடுத்த எக்ஸ்போர்ட்டர், விலையைக் குறைத்துக் குறைத்துப் பேசிய பையர் மூவரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தால் மூவரும் இன்னொசென்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். உப்பும் அதையேதான் சொல்லும். மூன்றாவது சொல்லான ‘பொல்யூட்டிங்’ மட்டும் அதன் சட்டையைப் பிடித்தது. விஷமா இல்லையா என்று அது கேட்கவில்லை. எண்ணைத் தாண்டினாயா என்று கேட்டது.

கரூர்ப் பக்கத்து நொய்யல் பாசன விவசாயிகள் 1990களிலேயே உயர் நீதிமன்றப் படியேறியவர்கள். பின்னால் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வரக் கெடு வைத்து, அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதமும் போட்டது. சாயப்பட்டறைச் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2009 அக்டோபரில் அங்கேயும் பாச்சா பலிக்கவில்லை. கெடு கழிந்தும் உப்பு ஓடிக்கொண்டிருக்க, 2011 ஜனவரி 28 அன்று பட்டறைகள் அத்தனையையும் இழுத்து மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேல் மூடின. துணி லாரியேறி வெளியூர்ப் பட்டறைகளுக்குப் போனது. வேலை போனவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவர்கள் வாயில் அன்றைக்குக் கோர்ட்தான் கெட்ட சொல்.

அப்புறம் வந்ததுதான் இன்றைக்குத் திருப்பூர் பெருமையோடு சொல்லும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’. கழிவுநீரைச் சவ்வு வழியாகப் பிழிந்து நல்ல தண்ணீரை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக்கரைசலைச் சுத்தமாக்கி அடுத்த வண்ணத்துக்கு உப்பாகவே பயன்படுத்துவதை அருள்புரம் நிலையத்தில் செய்து காட்டினார்கள். அதிலும் மிஞ்சுவதை ஆவியாக்கி, வண்டலையும் கலப்பு உப்பையும் கூரைக்கடியில் மூட்டை மூட்டையாக அடுக்குகிறார்கள். அந்தக் கொட்டகை வாசலில் ‘ஹசார்டஸ்’ என்று பலகை. தனித்தனியாக வந்தபோது சாதுவாக இருந்தவை ஊரைச் சுற்றி முடித்து மூட்டைக்குள் வரும்போது அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்கின்றன.

பையர் கடிதமும் ஒருவழியாக மாறியது. 2011-ல் கிரீன்பீஸ் ‘டீடாக்ஸ்’ என்று ஒரு போராட்டத்தைச் சீன ஆறுகளின் பக்கத்திலிருந்து தொடங்க, பெரிய பிராண்டுகள் கூடி ஆலைக்குள் எந்தெந்த ரசாயனங்கள் நுழையவே கூடாது என்று பட்டியல் போட்டன. வெளியேறும் தண்ணீரையும் சோதிக்கச் சொன்னார்கள். சட்டையோடு நின்ற கேள்வி ஆற்றங்கரை வரை வந்தது. நொய்யல் விவசாயிகள் அங்கே போய் நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

இன்றைக்கு ஒரு நல்ல சாயப்பட்டறையின் ஸ்டோருக்குள் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ரியாக்டிவ் சாய டிரம்மின்மேல் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் அச்சிட்டிருக்கும். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு மூச்சுமுட்டல் வரும், அதற்கான எச்சரிக்கை. பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் பதினாறு பகுதி உள்ள பாதுகாப்புத் தாள் தொங்கும். அதில் பதினோராவது பகுதிக்குத் தலைப்பு ‘டாக்சிகாலஜிகல்’ தகவல். கிரேக்க வில் கடைசியில் வந்து மாட்டிய ஆணி அது. ஆடிட்டர் வந்தால் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

எதிர்ச் சுவரோரம் உப்பு மூட்டைகள் மார்பளவு அடுக்கியிருக்கும். எடையும் உப்பு என்பதும் தவிர அவற்றின்மேல் ஒன்றும் எழுதியிருப்பதில்லை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறக்கும் நேரத்தில், உட்காரத் தோதான உயரம் என்று ஆட்கள் அதன்மேல்தான் ஏறி உட்காருகிறார்கள்.